நியூ பிரதர்ஸின் கௌரவத் தலைவர்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார். இல்ல இல்ல, எனக்கு இடம் போதும், இந்தப் பைக்குத்தான் இடம் வேணும். உள்ள சால்வை இருக்கு, ஜரிகை வச்சது, கசங்கிரக்கூடாது. ஒரு ஷீல்டும் இருக்கு. ஷீல்டு எப்படிக் கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது. சால்வைதான் மடிப்புக் கலையக் கூடாது.

வெளியூரா? கண்டக்டர்கிட்ட நீங்க வழி கேட்டதுலயே தெரிஞ்சுகிட்டேன். நீங்க கடைசி ஸ்டாப்பு. நான் அதுக்கு முன்னாடி, மைதானம் ஸ்டாப்பு. பேச்சு வாக்குல விட்டுட்டேன்னா ஒரு குரல் குடுங்க. பேச ஆரம்பிச்சா எனக்கு எடம் பொருள் தெரியாதுன்னு எம்பொண்டாட்டி சொல்லுவா. அவ கெடக்கா.

மணி என்ன ஆச்சு உங்க வாட்சுல? மூணு அஞ்சா? அப்ப நெறைய நேரம் இருக்கு. மூணரைக்குத்தான் ஆட்டம். ஃபுட்பால் சார். எம்மச்சினன் பிரிட்டோ, என் வீட்டுக்காரி பிலோமிக்குக் கூடப்பொறந்த தம்பி, அவனுக்கு இன்னைக்குக் கடைசி மேட்ச். முப்பத்தாறு வயசாச்சு, முட்டி ரெண்டும் போச்சு, இன்னையோட பூட்ஸக் கழட்டுறான். அவன் எங்கூடப் பேசி ஒரு வருஷமாச்சு சார். ஒரே தெரு. என்னைக் கண்டா அங்கிட்டுத் திரும்பிப் போயிருவான். நேத்து அவன் அக்காகிட்ட சொல்லி அனுப்பியிருக்கான், மாமாவ வரச் சொல்லு, மூணரைக்கு டாண்ணு வரச் சொல்லு, சால்வை வேண்டாம், மைக் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், மாமா மட்டும் வரட்டும்னு.

சால்வை வேண்டாம்னு ஒருத்தன் வாயால சொன்னா என்ன சார் அர்த்தம்? போடணும்னு அர்த்தம். வேண்டாம் வேண்டாம்னு சொல்லிகிட்டே கழுத்தை நீட்டுவாய்ங்க. முப்பது வருஷமா எத்தனை கழுத்தைப் பாத்திருக்கேன்.

ரெண்டரை பஸ்ஸுக்கே வந்திருப்பேன். ஷீல்டுல எழுத்து வெட்டுற பய வெறும் பிரிட்டோன்னு மட்டும் வெட்டி வச்சிருந்தான். வழங்குறது யாருன்னு கீழ வர வேண்டாமா? அவன் கடையில நின்னு, இன்னாசிமுத்து, பக்கத்துல கமா, நியூ பிரதர்ஸ் முன்னாள் கௌரவத் தலைவர், அப்படின்னு வெட்டி வாங்கிகிட்டு வர்றேன். என் பேரு பெருசா விழுந்துருச்சு, அவன் பேரு அதுக்கு மேல சின்னதா இருக்கு. பரவாயில்ல, பக்கத்துல போயிப் பாத்தா தெரியும்.

முன்னாள்னு போட்டிருக்கேன் பாருங்க. அதுதான் சார் என் வயித்தெரிச்சல். ரெண்டே வார்த்தையில சொல்லிடுறேன்.

எனக்குத் தொழில் இன்னாசி சவுண்ட் சர்வீஸ். ஊருக்குள்ள யாரை வேணாலும் கேளுங்க. மைக் செட்டு, பந்தல், மேடை, சேர், சீரியல் லைட்டு, கல்யாணத்துலருந்து கருமாதி வரைக்கும் நம்ம செட்டுதான். செவப்புச் சேர், முதுகுல வெள்ளை பெயிண்டுல இன்னாசின்னு எழுதியிருக்கும். தொலையாம இருக்கணும்ல. நேத்துக்கூட பிலோமி, விருந்தினருக்குன்னு வச்சிருக்கிற கைவச்ச சேர் ஒண்ணைத் தூக்கிகிட்டுப் போறா, என்னடின்னு கேட்டா ஜெபக்கூட்டத்துக்குங்கிறா. ஜெபக்கூட்டத்துக்கு எதுக்குடி கைவச்ச சேருன்னேன். காதுல வாங்காம தூக்கிகிட்டுப் போயிட்டா. கட்டுன புருஷன்கிட்ட வாடகை தராம சேர் எடுக்கிற ஒரே பார்ட்டி அவதான்.

சரி, எங்க விட்டேன்? கிளப்பு. மொதல்ல இருந்தது பிரதர்ஸ் கிளப்பு. கிழக்கு ரோடு பிரதர்ஸ். அப்படி இப்படின்னு நெனச்சுராதீங்க, மாவட்ட லீக்குல மொத டிவிஷன் ஆடுன கிளப்பு. ஆடுறவய்ங்க முழுநேர ஆட்டக்காரய்ங்களும் இல்ல, சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுறவய்ங்களும் இல்ல. பிரிட்டோ லேத்துப் பட்டறை. காஜா பிரியாணிக் கடை. ஒருத்தன் பால் வண்டி ஓட்டுறான், ஒருத்தன் ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரு. மேட்சுக்கு இவ்வளவுன்னு கைல குடுப்போம், பஸ் செலவு, ஜெயிச்சா பரோட்டா, தோத்தா டீ. அதுக்கு நான் பதினாலு வருஷம் செயலாளர்.

நான் பந்து ஆடுனதில்ல சார். பந்து எம்மேல பட்டதே ஒரே தடவைதான், அதுவும் நான் மைக்ல பேசிகிட்டிருக்கும்போது மூஞ்சியில. எவன் அடிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கிறாய்ங்க. ஆனா ஒரு கிளப்புக்கு ஆடத் தெரிஞ்சவன் பதினொரு பேரு கெடைப்பான் சார், நடத்தத் தெரிஞ்சவன் எங்க கெடைப்பான்? நான் வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணுவாய்ங்க தெரியுமா? மூணரைக்கு மேட்சுன்னா மூணரைக்கு விசிலடிச்சு ஆரம்பிச்சுருவாய்ங்க. அம்புட்டுத்தான். வரவேற்புரை கெடையாது, சிறப்பு விருந்தினர் கெடையாது. மாட்டுக் கொட்டகையைத் தொறந்து விட்ட மாதிரி. நான் வந்துதான் அதுக்கு ஒரு மரியாதை வந்துச்சு. ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு பெரிய மனுஷன். கை குலுக்கணும், போட்டோ எடுக்கணும், ரெண்டு வார்த்தை பேசணும், அவரு பந்தை ஒரு உதை உதைச்சுத் தொடங்கி வைக்கணும். அப்புறம்தான் ஆட்டம்.

ஆட்டம் லேட்டாகும்தான். நான் இல்லைன்னு சொல்லல. ஒரு தடவை ஜவுளிக்கடை முதலாளி வர்றதுக்குள்ள இருட்டிப் போச்சு. ரெண்டாவது பாதியில யாரு நம்ம ஆளு யாரு எதிராளுன்னே தெரியாம, நம்ம பய ஒருத்தன் நம்ம கோல்லயே அடிச்சுப்புட்டான். லீக்குக்காரய்ங்க ஃபைன் போட்டாய்ங்க. போடட்டும். ஆனா அந்த முதலாளி பேசுன பேச்சு இருக்கே, இன்னைக்கும் கேசட்டு வச்சிருக்கேன்.

என்ன சார், வெளிய பாக்குறீங்க? ரயில்வே கேட்டு. போட்டுட்டான். கூட்ஸ் வண்டி போயிட்டா தொறந்துருவான். மைதானம் கேட்டுக்கு அங்கிட்டுத்தான். நீங்க பதறாதீங்க.

அந்த பிரதர்ஸ் கிளப்பு அழிஞ்சு போச்சு சார். கண்ணு பட்டுடுச்சு. வேற என்ன சொல்ல? வெள்ளி விழா வருஷம். கிரவுண்டு நடுவுல மேடை போட்டேன், அறுபதடி மேடை, ஊரே அசந்து போச்சு. மேடை போடணும்னா குழி தோண்டாம முடியுமா? தோண்டுனது பந்தல்காரன். என் ஆளுதான், ஆனா தோண்டுனது அவன். மூடுன குழி சரியா மூடல. மறுநாள் மேட்சுல காஜா ஓடி வந்து கால விட்டான், கணுக்காலு மடக்குன்னு போச்சு. அந்தச் சத்தம் எனக்கு மேடை கழட்டுற எடம் வரைக்கும் கேட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாத்தேன், ஆரஞ்சுப் பழம் வாங்கிகிட்டுப் போனேன், சால்வை போத்துனேன். இப்ப நல்லா நடக்குறான். மழை பேஞ்சா மட்டும் கொஞ்சம் இழுப்பான். அதுக்கப்புறம் ஒவ்வொருத்தனா வேற கிளப்புக்குப் போயிட்டாய்ங்க. கடைசியில பிரதர்ஸ்னு ஒரு போர்டும் நானும்தான் மிச்சம். போர்டையும் ஒரு நா காத்துல காணோம்.

ரெண்டு வருஷம் சும்மா கெடந்துச்சு. அப்புறம் பிரிட்டோதான் ஓடி ஓடிப் பழைய பயலுகளைப் பூராம் மறுபடி சேத்தான். பட்டறை விட்டு வந்து, கைல கிரீஸ் கூடக் கழுவாம, வீடு வீடாப் போயி, வாடா ஒரு தடவை, எனக்காக வாடான்னு கெஞ்சுனான். காஜாவை கோல்கீப்பரா நிக்க வச்சான், ஓட முடியாதுல்ல. லீக்குல என்ன சொல்லிட்டாய்ங்கன்னா, பழைய கிளப்பு செத்துப் போச்சு, இது புது கிளப்பு, மூணாவது டிவிஷன்லருந்து வான்னுட்டாய்ங்க. மொத டிவிஷன் ஆடுன பயலுக, சின்னப் புள்ளைகளோட மூணாவது டிவிஷன்ல ஆடுறாய்ங்க. மனசு எப்படி இருக்கும்? பிரிட்டோ அதுக்கெல்லாம் அசரல. எனக்கு மொத டிவிஷன்ல இன்னொரு தடவை ஆடிட்டுத்தான் மாமா பூட்ஸக் கழட்டணும்னு, அதை மட்டும்தான் சொல்லுவான்.

புது கிளப்புக்கு நியூ பிரதர்ஸ்னு பேரு வச்சான். நான் கிழக்கு ரோடு ஒருங்கிணைந்த பிரதர்ஸ் மறுமலர்ச்சிக் கால்பந்துக் கழகம்னு எழுதிக் குடுத்தேன். சட்டைல எடம் பத்தாதுன்னுட்டான்.

என்னைத்தான் கௌரவத் தலைவராப் போட்டாய்ங்க. கெஞ்சிக் கூத்தாடித்தான் போட்டாய்ங்க. பிலோமி வேற மாதிரி சொல்லுவா, டேய் தம்பி, இந்த மனுஷன் வீட்டுல கெடந்து எம்பிராணனை வாங்குறாரு, ஏதாச்சும் ஒரு பதவி குடுத்துத் தொலைடான்னு அவ சொன்னதாவும், அதுக்கப்புறம்தான் அவன் சம்மதிச்சதாவும். பொம்பளைங்க பேச்சு, விடுங்க. ஆனா ஒரு கண்டிஷன் போட்டான் சார் பிரிட்டோ. மைதானத்துல மேடை கூடாது. மைக் கூடாது. சேர் கூடாது, பிஷப்பே வந்தாலும் நின்னுதான் பாக்கணும். ஆட்டம் நேரத்துக்கு ஆரம்பிக்கணும். மேடை போடுறவன், மைக் கட்டுறவன், சேர் குடுக்கிறவன், என்கிட்டயே! சரின்னு தலையாட்டுனேன். மச்சினன்னு ஒரு பாசம்.

பாசம்னா சும்மா இல்ல சார். எனக்குக் கல்யாணமானப்ப அவனுக்கு எட்டு வயசு. அப்பா இல்லாத புள்ள. அவனுக்கு மொத மொத பூட்ஸ் வாங்கிக் குடுத்தது நான்தான். ரெண்டு சைஸ் பெருசு, துணி அடைச்சுப் போட்டு ஆடுனான். ராத்திரி அதைக் கட்டிப் புடிச்சுகிட்டுத் தூங்குவான். எங்களுக்குப் புள்ள இல்ல. அவன்தான்.

எனக்குன்னு ஒரே ஒரு வேலை குடுத்திருந்தாய்ங்க. பந்து. நம்ம லீக்குல ஒரு வழக்கம். மொத நாள் சாயங்காலம் லீக் ஆபீஸ்ல ரெண்டு பந்துல சீல் வச்சு, சொந்த மைதானத்துக் கிளப்புகிட்ட குடுப்பாய்ங்க. அந்த சீல் வச்ச பந்துலதான் ஆடணும். வேற பந்தை ரெஃபரி தொடக்கூட மாட்டாரு. அந்த ரெண்டு பந்தை வாங்கி மறுநா மைதானத்துக்குக் கொண்டு வரணும், அம்புட்டுத்தான் என் வேலை. கௌரவத் தலைவருக்குப் பந்து தூக்குற வேலை! நான் முணுமுணுக்காம செஞ்சேன் சார், ரெண்டு சீசன்.

மொத சீசன்லயே மூணாவதுலருந்து ரெண்டாவதுக்கு வந்துட்டாய்ங்க. அடுத்த சீசன் கடைசி மேட்ச். பாறைப்பட்டி லெவனோட. ஜெயிக்கக்கூட வேண்டாம், டிரா பண்ணாலே மொத டிவிஷன். பாறைப்பட்டி பயலுக அந்த வருஷம் ஒரு மேட்ச் ஜெயிக்கல, பாவம். பிரிட்டோ ஒரு வாரமா சோறு தண்ணி இல்ல. கேட்டுக்குங்க, இப்படி ஒரு மேட்சை யாராச்சும் சும்மா ஆரம்பிப்பாய்ங்களா? நாய் பேய் பாக்குற மாதிரி நின்னு பாத்துட்டுப் போறதா? எனக்கு மனசு கேக்கல. யோசிச்சேன். மேடை கூடாதுன்னான், மைக் கூடாதுன்னான், சேர் கூடாதுன்னான். சிறப்பு விருந்தினர் கூடாதுன்னு சொன்னானா? சொல்லல. சொல்லவே இல்ல.

கல்வித் தந்தை தண்டாயுதபாணி தெரியுமா? உங்க ஊருப் பக்கம் தெரியாது. மூணு காலேஜு வச்சிருக்காரு. அவரைப் பிடிச்சேன். அவரு நேரா நடந்து வந்து, நடு மைதானத்துல பந்தை ரெஃபரி கைல குடுக்கிறாரு, போட்டோ, கை குலுக்கல், ஆட்டம் ஆரம்பம். ஒரு நிமிஷம்கூட ஆகாது. எப்படி யோசனை? பந்தைச் சும்மா குடுத்தா நல்லாவா இருக்கும்? பந்துக்கு ஜிகினாப் பேப்பர் சுத்தி, மேல ரிப்பன் பூ வச்சு, மொத நா சாயங்காலமே அவரு வீட்டுக்குப் போயி, பழத்தட்டு, சால்வை, அதோட பந்தையும் வச்சு அவரு கைல குடுத்தேன். ஐயா நாளைக்கு மூணரைக்கு வந்துரணும்னேன். ஆகட்டும் ஆகட்டும்னாரு. ரொம்ப சந்தோஷம்னாரு. வாங்கி உள்ள குடுத்தனுப்புனாரு.

இன்னொரு பந்தா? நல்லாக் கேட்டீங்க. உங்களை மாதிரி விவரமா யாரும் கேக்கல, நேரடியாத் திட்டத்தான் செஞ்சாய்ங்க. வந்தவருக்கு நினைவுப் பரிசு வேண்டாமா? அந்தப் பந்தைத் தேக்குப் பலகைல ஸ்டாண்டு வச்சு, அடியில ரெண்டு ஸ்க்ரூ போட்டு முறுக்கி, பித்தளைத் தகட்டுல அவரு பேரு வெட்டிட்டேன். ஸ்க்ரூ போட்டதும் காத்துப் போச்சு. கார்பெண்டர் கெட்டிக்காரன், ஒரு கீறலைக் கீறி உள்ள பஞ்சை அடைச்சு, உருண்டையா நிக்க வச்சுட்டான். அசல் பந்து மாதிரியே இருந்துச்சு. அசல் பந்துதானே!

அன்னைக்கு மூணே காலுக்கு ரெண்டு டீமும் ரெடி. ரெஃபரி கையை நீட்டுறாரு, பந்து எங்கன்னு. வந்துகிட்டிருக்கு சார்னேன். பிரிட்டோ திரும்பிப் பாத்தான். வந்துகிட்டிருக்குன்னா என்ன மாமா? உங்க கைலதானே இருக்கணும்னான். கார்ல வருதுடான்னேன். யாரு கார்லன்னான். நான் விளக்கமாச் சொல்ல ஆரம்பிச்சேன். பாதி சொல்லும்போதே அவன் தலைல கைய வச்சு உக்காந்துட்டான்.

ரெஃபரி வாட்சைப் பாக்குறாரு. கால் மணி நேரம் காப்பேன், அதுக்கு மேல சட்டப்படி வாக்கோவர், ஆடாமலே எதிர் டீம் ஜெயிச்ச கணக்குங்கிறாரு. எதிர் டீம் கேப்டன் தங்கமான பய, எங்க பிராக்டிஸ் பந்துல ஆடுவோம்ங்கிறான். சீல் எங்கன்னு கேக்குறாரு ரெஃபரி. காஜா நொண்டிகிட்டே ஓடி வந்து நினைவுப் பரிசைப் பிடுங்கிட்டான். இதுல சீல் இருக்குன்னு கத்துறான். டேய் டேய் அது ஐயாவுக்குடான்னு நான் கத்துறேன். ஸ்க்ரூவை முறுக்கிக் கழட்டி எடுத்து ஒரு உதை விட்டான் பாருங்க, பஞ்சு ஒரு பக்கம் பறக்குது, பந்து ஒரு பக்கம் சப்புன்னு விழுது. பாறைப்பட்டி பயலுகளே சிரிக்க முடியாம நிக்கிறாய்ங்க. அப்ப விசிலடிச்சாரு சார் ரெஃபரி. ஆட்டம் ஆரம்பிக்கிற விசில் இல்ல. முடிக்கிற விசில். பந்தே உருளாம தோத்த டீமு எங்க டீமு ஒண்ணுதான்.

கார் வந்துச்சு. வராம இல்ல. அவரு வரமாட்டாருன்னு பயலுக சொன்னது அநியாயம், நாலு மணிக்கெல்லாம் வந்துட்டாரு. கைல ஒண்ணும் இல்ல. ஐயா பந்துன்னேன். எந்தப் பந்து? ஓ, நேத்து குடுத்தீங்களே அதுவா, ரொம்ப நல்ல பந்து, பேரன் காலைலருந்து ஆடிகிட்டிருக்கான்னாரு. ஜிகினாப் பேப்பர் சுத்திக் குடுத்ததால தனக்குன்னு நெனச்சுட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியுமா? பெரிய மனுஷன். நான் யாரையும் குத்தம் சொல்லல. சீல் வைக்கிற வழக்கத்தைக் கொண்டு வந்தானே, அவனைச் சொல்லணும்.

வந்தவரைச் சும்மா அனுப்ப முடியுமா சார்? கைல இன்னொரு சால்வை இருந்துச்சு. போத்துனேன். ரெண்டு வார்த்தை பேசுங்கய்யான்னேன். பேசுனாரு. வெற்றி தோல்வி முக்கியமில்ல, பங்கேற்புதான் முக்கியம்னு பேசுனாரு. பயலுக புல்லுல குப்புறப் படுத்து அழுவுறாய்ங்க. நான் ஒருத்தன்தான் கை தட்டுனேன்.

அவரு போனதுக்கப்புறம் பிரிட்டோ வந்தான். அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருந்தாக்கூடத் தேவலை. மாமா, நீங்க போயிருங்கன்னான். அவ்வளவுதான். இனிமே எங்க மைதானத்துக்கு வராதீங்க மாமான்னான். சத்தமே போடல. மாமான்னு மரியாதையாத்தான் சொன்னான். துணி அடைச்சு பூட்ஸ் போட்ட பய. எம்மேல கால் போட்டுத் தூங்குன பய.

ஆச்சு. கேட்டைத் தொறந்துட்டான். போப்பா டிரைவரு.

ஒரு வருஷமா நான் அந்தப் பக்கம் போகல. இந்த வருஷம் நான் இல்லாமயே ஆடுனாய்ங்க. விருந்தினரு இல்ல, போட்டோ இல்ல, ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு மேட்சும் மூணரைன்னா மூணரைக்கு ஆரம்பமாம். ஒரு நிமிஷம் முன்ன பின்ன கெடையாதாம், ஊரே வாட்சைத் திருத்திக்குதாம். போன வாரமே மொத டிவிஷனுக்குத் தகுதி ஆயிட்டாய்ங்க. ஆனா பிரிட்டோவால அடுத்த வருஷம் ஆட முடியாது, முட்டில தண்ணி கோத்துகிச்சு, டாக்டரு கண்டிப்பாச் சொல்லிட்டாரு. மொத டிவிஷன்ல இன்னொரு தடவைன்னு இருந்தான், அந்த ஒரு வருஷம் வீணாப் போச்சே, அதுல போயிருச்சு. யாரு செஞ்ச பாவமோ.

பிலோமி நேத்து ராத்திரி அழுதா. நாளைக்காச்சும் ஒழுங்கா, நேரத்துக்குப் போயி, அவன் கையப் பிடிச்சுட்டு வாங்கன்னா. உங்களைத் தவிர அவனுக்கு யாரு இருக்கான்னா. எனக்கு மட்டும் ஆசை இல்லையா சார்? நான் என்ன பேசணும்னுகூட நாலு பக்கம் எழுதி வச்சிருக்கேன். மைக் இல்லாட்டி என்ன, என் தொண்டை பத்தும். தோள்ல சால்வையைப் போட்டு, டேய் பிரிட்டோன்னு கட்டிப் பிடிச்சுருவேன். அதுக்குத்தான் ஒரு வருஷமாக் காத்துகிட்டிருக்கேன். இன்னைக்கும் நான் பேசாட்டி அவன் எங்கூட இனிமே பேச மாட்டான், அது எனக்குத் தெரியும்.

என்ன சார் தோளைத் தட்டுறீங்க? மைதானமா? ஆமா, வந்துருச்சு. பாத்தீங்களா, பேச்சுல விட்டிருப்பேன். கண்டக்டரு, எறங்கணும்ப்பா. இரு, கூட்டம் ஏறட்டும். மணி? மூணு முப்பத்தெட்டா! ஐயையோ, கேட்டுக்காரன் கெடுத்துட்டான்.

இருங்க. கொஞ்சம் இருங்க சார். இந்த ஜன்னல் வழியாப் பாருங்க, மதில் இடிஞ்சிருக்குல்ல, அதுல. ரெண்டு டீமும் நிக்குது. இன்னும் ஆரம்பிக்கலையே! பந்து நடுவுலதான் கெடக்கு. ரெஃபரி வாட்சைக் காமிக்கிறாரு. அந்தா, பிரிட்டோ. கைய ரெண்டையும் கூப்பி ரெஃபரிகிட்ட என்னமோ கெஞ்சுறான். ரோட்டையே பாத்துகிட்டு நிக்கிறான். ஒரு நிமிஷம்கூட லேட் பண்ணாதவன் ஏன் நிக்கிறான்?

சேர்! சார், சேர் போட்டிருக்காய்ங்க! பாருங்க, கோடு ஓரமா, தனியா ஒரே ஒரு சேர். செவப்பு. கைவச்ச சேர். பிஷப்புக்கே கெடையாதுன்னு சொன்னவன்! அது... அது என் சேரு சார்! முதுகுல பாருங்க, இன்னாசின்னு எழுதியிருக்கு. அடிப்பாவி பிலோமி, ஜெபக்கூட்டம்னு பொய் சொல்லி இதுக்குத்தான் தூக்கிகிட்டுப் போனியா? அக்காளும் தம்பியும் சேந்துகிட்டு, எனக்குத் தெரியாம எவனோ ஒரு சிறப்பு விருந்தினரைக் கூப்பிட்டிருக்காய்ங்க. என் சேர்லயே உக்கார வைக்கிறாய்ங்க.

என்னது? எனக்கா? எனக்குப் போட்ட சேரா? உங்களுக்கு விவரம் பத்தாது சார், நீங்க வெளியூரு. நம்ம வீட்டு ஆளுக்கு எவனாச்சும் சேர் போட்டுட்டு வாசலைப் பாத்துகிட்டு நிப்பானா? ஆட்டத்தை நிறுத்தி வச்சிருக்கான் சார், ஆட்டத்தை! அம்புட்டுப் பெரிய ஆளு எவனோ வர்றான். எவனைப் பிடிச்சானோ. அதான் சால்வை வேண்டாம், மைக் வேண்டாம்னு எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கான், அந்த ஆளுக்கு முன்னாடி நான் அசிங்கமா கைய வீசிகிட்டு வந்து ஓரத்துல நிக்கணும்னு. வரவேற்புரை நான் பேச வேண்டிய எடத்துல எவன் பேசப் போறானோ.

நான் எறங்கல. கண்டக்டரு, நான் எறங்கல. கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் குடு. என்னைக் கையப் பிடிச்சு இழுக்காதீங்க சார், உங்க நல்ல மனசு எனக்குப் புரியுது, ஆனா எனக்கும் ஒரு மரியாதை இருக்கு. ரைட் குடுப்பா. போகட்டும்.

இன்னும் ரோட்டையே பாக்குறான், கிறுக்குப்பய. முட்டி வலிக்கும்டா, உக்காருடா. எந்த மகராசனுக்காக இப்படிக் காத்துகிட்டு நிக்கிறானோ தெரியல. பெரிய மனுஷய்ங்கன்னாலே இப்படித்தான் சார், சொன்ன நேரத்துக்கு ஒருத்தனும் வர மாட்டான்.